மாலையில் சுரண்டாத சேறு

சேற்றுக்கு நான் அஞ்சுகிறவனல்லன். மன்னார்குடிப் பக்கத்து நடவு வயலில் முழங்கால் புதைய நடந்து வளர்ந்தவன். ஆகவே, 2023 மார்ச்சில் எங்கள் நிலவியல் மாணவர் குழு லாஹூல் பள்ளத்தாக்குக்குப் பிரயாணமானபோது, பழைய டீசல் ஜீப்பின் டிரைவர் ஓயாமல் சேற்றைப் பற்றியே பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மணாலியைத் தாண்டி, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைக் கடந்தால் வேறோர் உலகம். பகலில் பனி உருகிப் பாதை களியாகிறது; பொழுது சாய்ந்தால் அந்தக் களியே கல்லாகிறது. முதல் நாளே வண்டி புதைந்தது. "நன்றாக மிதியுங்கள், உஸ்தாத்ஜி!" என்று கூவினேன். அவரோ எஞ்சினையே நிறுத்திவிட்டார். மிதித்தால் பிடிப்பில்லாத சக்கரம்தான் சுழலும். தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். தட்டைக் கற்களைச் செருகச் சொன்னார். நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்து, மிகத் தாழ்ந்த கியரில் ஆமைபோல் ஊர்ந்து வெளியேறினார்.

மாலையானால் அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. பாட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொள்வார். குளிரில் அதன் வலு குன்றிவிடுமல்லவா? சமவெளி டீசலில் குளிரால் மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் அதைத் தொடவே மாட்டார். (லடாக்கிற்கென்று −33 பாகையிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் வெளியிட்டது.) சக்கரங்களைச் சுற்றி அப்பிய சேற்றைச் சுரண்டுவது மட்டும் என் பொறுப்பு.

மூன்றாம் நாள் மாலை எனக்குச் சோம்பல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் வண்டியைக் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். சரிவாயிற்றே என்று நானாகக் கைப்பிரேக்கையும் இழுத்து வைத்தேன். அதைப் பெரிய முன்யோசனை என்று வேறு எண்ணிக்கொண்டேன்!

விடியுமுன் என் அறைத்தோழனுக்கு மூச்சுத் திணறல் கண்டது. நான்கடி நடக்க முடியவில்லை. உடனே கீழே கேலாங் மருத்துவமனைக்கு இறக்கியாக வேண்டும். எஞ்சின் உடனே உயிர் பெற்றது, வண்டி அசையவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் பிரேக்கோடு உறைந்து ஒட்டிக் கிடந்தன.

டிரைவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து நான் வெந்நீர் சுமந்தேன். அவர் டிரம்மின்மேல் ஊற்றி மரக்கட்டையால் தட்டினார். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு குடத்துக்கும் உள்ளேயிருந்து நண்பனின் இருமல் கேட்டது. சக்கரம் விடுபட்டதும் நில்லாமல் கிளம்பினார். ஈரம் மறுபடி உறையாதபடி பிரேக்கை லேசாக அழுத்திச் சூடேற்றியே ஓட்டினார்.

நண்பன் பிழைத்தான். இறங்க இறங்கவே அவனுக்கு மூச்சு சீராயிற்று. அன்று மாலை திரும்பியதும், டிரைவர் கரண்டியை எடுத்துக்கொண்டு தாமே வண்டிக்கடியில் நுழைந்தார். கையில் அகப்பட்ட தகரத்துண்டோடு நான் மறுபக்கமாக நுழைந்தேன்.