மணலுக்குள் கிடக்கும் மணிகள்

நீர்கொழும்பில் பிறந்தவர்களுக்குச் சோறு என்றால் மீனும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் மீன் ஆணம் இல்லாத நாள், யாருக்கோ சுகமில்லாத நாள். அந்த வழக்கத்தை 2021ஆம் ஆண்டு முறித்துப் போட்டது.

அவ்வருடம் மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கொள்கலன் கப்பலில் தீ பிடித்தது. கப்பலில் 1486 கொள்கலன்கள். அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும், சுமார் 1680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. நாட்கணக்கில் எரிந்த கப்பல் ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடிக்கத் தடை வந்தது. கொரோனாப் பயணத்தடையும் அதே நாட்களில்தான். அன்றாடம் உழைத்து உண்பவன் கடலுக்கும் போக முடியாமல், கூலிக்கும் போக முடியாமல் முடங்கினான்.

தடை தளர்ந்த பிறகும் மீன் விலைப்படவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரர், "நானா, இது ஆழ்கடல் மீன். பயப்படாம எடுங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் உம்மா, இப்போது வயிற்றைக் கீறிக் காட்டச் சொன்னார்.

அந்த மணிகளை நானும் பார்த்திருக்கிறேன். சவ்வரிசி என்று சொல்லிக் கொடுத்தால் கஞ்சியில் போட்டுவிடலாம். நமது கண்ணே ஏமாறும்போது மீனின் கண் என்ன செய்யும்? முட்டை என்று எண்ணி விழுங்குகிறது. அது செரிக்காது. நிறைந்த வயிற்றோடு மீன் பட்டினி கிடக்கிறது. நீரிலுள்ள நச்சு இரசாயனங்களையும் இந்த மணிகள் தம்மேல் இழுத்துக்கொள்கின்றன.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. இறந்தவற்றில் 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. மீன்களை யார் எண்ணுவது?

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த மணிகள் இன்னும் பையாகாத பைகள், போத்தலாகாத போத்தல்கள். எந்தத் துறைமுகத்தில் இறங்கியிருந்தாலும் அவற்றில் ஒரு பகுதி சிலிசிலிப் பையாகி, சந்தையிலிருந்து வீடுவரை மீனைச் சுமந்து, கானில் விழுந்து, களப்பு வழியாகக் கடலுக்குத்தான் வந்திருக்கும். கப்பல் அந்தப் பயணத்தைச் சுருக்கிவிட்டது, அவ்வளவுதான். எரிந்த கப்பலுக்கு வழக்கிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் நமது கான்கள் கடலில் இறக்கும் சரக்குக்கு எந்த மன்றில் வழக்கு?

சரக்குவக் கடற்கரையில் பெண்கள் அரிதட்டு வைத்து மணலைச் சலித்தார்கள். சலித்த இடத்தில் அடுத்த அலை மீண்டும் மணிகளைக் கொட்டியது. அரிதட்டுக்குத் தப்பியவை மணலுக்குள் இறங்கிவிட்டன. ஆமை குழி தோண்டி முட்டையிட வருவதும் இந்த மணலுக்குத்தான்.