ஆர்ட வாகனம் கத்துது?



நம்மட ஊரில் இரவில் ஒரு வாகனம் கத்தினால் இப்போது ஆரும் எழும்புறதில்லை. "ஆர்ட வாகனம் கத்துது?" என்று ஒருவர் கேட்பார், "பக்கத்துல உள்ளதுதான், விடுங்க" என்று மற்றவர் சொல்லுவார், அவ்வளவுதான். இடி இடித்தால் கத்தும், கல்யாண வீட்டு வெடிக்குக் கத்தும், சீனன்குடாப் பக்கம் பார லொறி போனாலும் கத்தும். கோட்டைக்குள் இருந்து டவுனுக்கு இறங்கி வரும் மான் உரசினாலும் கத்தும். (மானுக்கு ரிமோட் கொடுக்க முடியாது.)

போன மாதம் எங்கட ஒழுங்கையில் ஒரு மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் களவு போனது. பின்னால் பெட்டி கட்டி, விடியமுதல் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் மீன் எடுத்துவரும் மனிசன். லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை. அந்த பைக்கில் அலாரம் இருந்தது, மூன்று இரவு தொடர்ந்து கத்தவும் செய்தது. ஒவ்வொரு தடவையும் அவர் படுக்கையில் இருந்தபடியே ரிமோட்டை அமத்தி நிப்பாட்டினார். அக்கம்பக்கத்தில் ஏச்சு. நாலாம் இரவு அலாரத்தைப் போடாமலே படுத்தார். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் பைக் இல்லை.

முதல் மூன்று இரவும் மானா மனிசனா என்று சொல்ல முடியாது. ஆனால் வேண்டுமென்றே வண்டியை ஆட்டிவிட்டு ஒளிந்திருந்து, சொந்தக்காரர் சலித்துப்போய் அலாரத்தை நிப்பாட்டும்வரை காத்திருப்பது உலகம் முழுக்கத் தெரிந்த பழைய களவு முறை. கண்டதற்கெல்லாம் கத்தும் அலாரம் அந்தக் கள்ளனுக்குத்தான் வேலை செய்கிறது.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து சுனாமி எச்சரிக்கை விட்டபோது கரையோரச் சனம் போட்டது போட்டபடி ஓடியது. அலை வரவில்லை. ஆனாலும் 2004ஐக் கண்ட ஆரும் அந்த ஓட்டத்தை வீண் என்று என்னிடம் சொன்னதில்லை. அந்த எச்சரிக்கை தினமும் வந்திருந்தால் ஒருவரும் ஓடியிருக்க மாட்டோம்.

ஏன் இங்கே இவ்வளவு பொய்க் கத்தல்? வாகனங்கள் பழசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். பத்து வருசத்துக்கு முன் பூட்டிய அலாரமே பலரிடம் இன்னும் ஓடுது. அதோடு நம்மட உப்புக் காற்று. பொனட்டுக்குக் கீழே, மூடும்போது உள்ளே அமரும் ஒரு சின்ன பின் சுவிட்ச் இருக்கும். பொனட் திறந்தால் அதுதான் அலாரத்துக்குச் சொல்லும். அது துருப்பிடித்து இறுகினாலோ தண்ணி பட்டாலோ, மூடிக் கிடக்கும் பொனட்டைத் திறந்துவிட்டதாக அலாரம் நினைக்கும். மாரி மழைக்கு வாகனங்கள் சும்மா கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

அடுத்தது அதிர்ச்சி சென்சர். வெளியில் வாங்கிப் பூட்டிய அலாரங்களில் டாஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு சின்ன ஸ்க்ரூ. கூர்மையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதிலேதான். குறைத்துவிட்டு அலாரத்தைப் போட்டு, கதவுத் தூணில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தட்டினால் கத்தக்கூடாது, பலமாகத் தட்டினால் கத்தவேணும். கண்ணாடியில் தட்டாதீங்க. பைக் அலாரங்களில் சிலதுக்கு ரிமோட்டிலேயே மாற்றலாம்.

போடும் முறையும் முக்கியம். நடந்துகொண்டே தோளுக்கு மேலால் ரிமோட்டை அமத்திவிட்டுப் பள்ளிக்குள் போகிறவர்களைத் தினமும் காண்கிறேன். நில்லுங்கள். சிக்னல் லைட் மின்னுதா பாருங்கள், பிறகு கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பாருங்கள். ஒரு கதவு சரியாக மூடாவிட்டால் பல அலாரங்கள் வேறு மாதிரி "பீப்" அடித்துச் சொல்லும். ரிமோட் சிக்னலைக் குழப்பி, பூட்டாமல் ஆக்கும் கருவியும் கள்ளர்களிடம் உண்டு. அதையும் கைப்பிடிதான் காட்டிக்கொடுக்கும். ஜப்பான் கார்களில் கம்பனி அலாரம் பூட்டின உடனே தயாராகாது, அரை நிமிடமளவு எடுக்கும். திரும்பி வந்து திறக்கும்போது வழமையைவிடக் கூடுதலாக "பீப்" கேட்டால், நீங்கள் இல்லாதபோது அது கத்தியிருக்கிறது என்று அர்த்தம். சுற்றிவரப் பாருங்கள்.

ரிமோட்டில் பூட்டிய காரை வெறும் திறப்பால் திறந்தால் கத்தும், பயப்பட வேண்டாம். ஸ்மார்ட் கீயின் பற்றரி செத்திருந்தால், அதற்குள் இருக்கும் இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிறகு பட்டனை அமத்துங்கள். பெரும்பாலான கார்களில் கத்தலும் நின்று எஞ்சினும் பிடிக்கும். கராஜுக்குக் கொடுக்கும்போது வலே சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள், எடுத்துவந்த பிறகு மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். பலருடைய அலாரம் மாதக்கணக்காகத் தூங்குவது இதனால்தான்.

தொழுகை நேரத்தில் சத்தமில்லாமல் போட ரிமோட்டில் தனிப் பட்டன் சிலதுக்கு இருக்கு. அயலவரின் உரிமை பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம், நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நிப்பாட்டும்போது அதையும் நினைக்கலாம்.

பிள்ளையை உள்ளே விட்டு ஒருபோதும் பூட்டாதீங்க, "கடைக்குள்ள ரெண்டு நிமிசம்" என்றாலும். நம்மட வெயிலில் மூடிய கார் நிமிடக் கணக்கில் கொதிக்கும். அதனால் பகலில் ஒரு கார் கத்தினால் ஏசிக்கொண்டு கடந்து போகாமல் கண்ணாடிக்குள்ளால் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

இரவில் கத்தினால் முதலில் லைட்டைப் போடுங்கள், ஜன்னலால் பாருங்கள், அதுக்குப் பிறகு ரிமோட். இரண்டாம் தரமும் கத்தினால் பைக்கை உள்ளே எடுங்கள். ஆளைக் கண்டால் தனியாக வெளியே இறங்க வேண்டாம், 119க்கு அடியுங்கள்.

வாகன வயரிங் செய்யும் ஒரு தம்பி வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்சர் கூட்டிக் குறைக்கவும் பின் சுவிட்ச் பார்க்கவும் காசு எடுக்க மாட்டார், சுவிட்ச் மாற்றினால் சாமானின் விலை மட்டும். ரிமோட் இரண்டையும் கொண்டுவாங்க, அலாரத்தோடு தந்த புத்தகம் இருந்தால் அதையும்.