புகைபோக்கியும் பியானோவும்

1950களின் நடுவில், வேகமும் சிக்கலும் மிகுந்த பீபாப் ஜாஸுடன் புளூஸின் ஏக்கத்தையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசை எழுச்சியையும் கலந்து பிறந்த பாணியே ஹார்ட் பாப்.

அதில் வேரூன்றி அதன் எல்லையைக் கடந்தவர் பியானோ கலைஞர் ஆண்ட்ரூ ஹில். டிரம்ஸுடன், ஆளுயரத் தந்திக் கருவியான டபுள் பேஸ் இரண்டைச் சேர்த்து 1963 டிசம்பரில் அவர் பதிவுசெய்த 'ஸ்மோக் ஸ்டாக்', அதாவது 'புகைபோக்கி' என்ற மெட்டு, 1966இல்தான் வெளிவந்தது. பரவலாக அறியப்படவும் இல்லை.

2009இல், 'ஹிஸ்டாரிசிட்டி' தொகுப்பில், ஒரே பேஸுடன் அதை மீட்டு வாசித்தவர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர்.

ஒரே ராகத்தை ஒவ்வொரு பாடகரும் புதிதாக ஆலாபனை செய்வதுபோல, ஜாஸிலும் எழுதிய மெட்டு விதை மட்டுமே. வாசிப்பவரின் மனோதர்மமே மரம்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்கும் ஆலை நிற்கும் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்துக்குப் 'புகைபோக்கி' என்ற தலைப்பு அந்நியமன்று, மெட்டுதான் அந்நியம்.

அங்குள்ள தேநீர்க்கடையில் அது ஒலித்தால், அரை நிமிடத்திலேயே 'பாட்ட மாத்துப்பா' என்று குரல் எழக்கூடும். இத்தனை நீளமாக ஜாஸை விளக்கும் இக்கட்டுரைக்கும் அதே தீர்ப்புதான்.

ஆயினும், தன் புகைபோக்கிக்கென ஒரு மெட்டை அவ்வூர் என்று எழுதும்?