ஒரு சர்டிபிகேட்டும் ஒரு விவாதமும்

போன வாரம் தபாலில் கெட்டி அட்டைக் கவர் ஒன்று வந்தது. தேசப் பாதுகாப்புப் படிப்பில் முதுநிலைச் சான்றிதழ்! நாலு பாடம், 12 கிரெடிட், ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ராத்திரியா ரெண்டு வருஷம். அம்மாகிட்ட போனில் சொன்னா, "ஏண்டா, நாப்பத்தாறு வயசுல போலீஸ்ல சேரப் போறியா?"ங்கறாங்க. தங்கமணி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ஃபீஸ் மொத்தம் எவ்ளோ ஆச்சு? (சொல்லலையே!)

நானோ பொட்டி தட்டுற ஆசாமி. கூடப் படிச்சவங்க பாதிப் பேர் ராணுவத்தில் இருந்தவங்க. 1947 தேசப் பாதுகாப்புச் சட்டம், அதில் பிறந்த சி.ஐ.ஏ. எல்லாம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் முதல் செமஸ்டரை சுருக்கெழுத்துகளை மனப்பாடம் பண்ணியே ஓட்டினேன்.

மாட்டிக்கிட்டது மூணாவது பாடத்தில். கொரேமட்சு வழக்கு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூணில் ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். போகமாட்டேன் என்றவர்களில் ஒருவர் ஃப்ரெட் கொரேமட்சு, ஓக்லண்டில் பிறந்த வெல்டர். 1944-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதை வைத்து வகுப்பில் விவாதம். பேராசிரியர் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு அரசுத் தரப்பு. "ஒவ்வொருத்தரா விசாரிக்க நேரமில்லை, ஒருத்தன் தப்பிச்சாலும் துறைமுகமே போயிடும்"னு பொளந்து கட்டினேன். ஓட்டெடுப்பில் ஜெயிச்சும் தொலைச்சேன். விமான நிலையத்துல தாடியோட நின்னா தனியா கூப்பிட்டுப் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறாங்களே, அந்த ஜாதி நான். அன்னிக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரலை.

அடுத்த வாரப் பாடத்தில்தான் மீதிக் கதை. கென்னத் ரிங்கிள் என்ற கடற்படை உளவு அதிகாரி, இதை இனத்தை வைத்துப் பார்க்காதீர்கள், தனித்தனி ஆளாகப் பாருங்கள் என்று 1942-லேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். நீதித்துறை வக்கீல் எட்வர்ட் என்னிஸ், இதைக் கோர்ட்டில் சொல்லாவிட்டால் சாட்சியத்தை மறைப்பது போலாகும் என்று மேலிடத்தை எச்சரித்தார். ஆனாலும் சொல்லவில்லை. 1983-ல்தான் கொரேமட்சுவின் தண்டனை ரத்தானது. அரசு வக்கீல் பதவியில் இருந்து அந்தத் தப்பை 2011-ல் ஒத்துக்கொண்டவர், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த நீல் கட்யால்.

நேரமில்லைன்னு நான் கத்தினேனே, அதே பொய்!

கடைசிக் கட்டுரையில் என் வாதத்தை நானே வரிவரியா அடிச்சு எழுதினேன். விவாதத்துக்கு ஏ, கட்டுரைக்கு பி பிளஸ். 'உணர்ச்சி தூக்கல்'னு ஓரத்தில் குறிப்பு வேற. கூடப் படிச்ச முன்னாள் கடற்படைக்காரர் மட்டும் தனியா செய்தி அனுப்பியிருந்தார்: "அன்னிக்கு உனக்குப் போட்ட ஓட்டைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

சர்டிபிகேட் இன்னும் கவரிலேயே இருக்கு. வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாதாம், தங்கமணி உத்தரவு.