நாற்றங்காலில் பிழைத்த பேரி மரம்

2001 அக்டோபர். நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளுக்கு நடுவே மீட்புப் பணியாளர்கள் ஒரு கேலரி பேரி மரத்தைக் கண்டார்கள். அடிமரம் கருகி, கிளைகள் ஒடிந்து, வேர்கள் அறுந்து கிடந்தது.

மாநகரப் பூங்காத் துறை ஊழியர்கள் அதைப் பிராங்ஸ் பகுதியில் இருக்கும் நாற்றங்காலில் நட்டு, ஒன்பது ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். 2010 மார்ச்சில் புயல் அதைப் பிடுங்கிச் சாய்த்தது. மறுபடியும் நிமிர்த்தி நட்டார்கள்! அந்த டிசம்பரில் மரம், கோபுரங்கள் இருந்த இடத்து நினைவிடத்துக்குத் திரும்பியது. இன்று அதைத் தேடி வந்து படமெடுக்கும் கூட்டத்துக்கு, மண்வெட்டி பிடித்த அந்த ஊழியர்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

கோபுரங்கள் தாக்கப்பட்ட அன்று உயிர்நீத்தவர்களில் 343 பேர் அதே மாநகரத்தின் தீயணைப்புத் துறையினர். அவர்களும் உள்ளாட்சி ஊழியர்கள்தான். நமக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றுவதில்லை.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவில், யார்னெல் அருகே மூண்ட காட்டுத்தீ 19 வீரர்களைப் பலிகொண்டது. அவர்களும் ஒரு நகரத்தின் ஊழியர்களே; பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு, துயரம் கண்ட ஊர்களுக்கு அனுப்பப்பட்ட இந்தப் பேரி மரத்தின் கன்றுகளை முதன்முதலில் பெற்ற ஊர்களில் பிரெஸ்காட்டும் ஒன்று.