ரோலர் ஓடினால் பாட்டுத் தொய்யும்

அரநாயக்கப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கரண்ட் என்றால் தேயிலை ஸ்டோரு கரண்ட்தான். டீசல் இஞ்சின் சுற்றும் டைனமோவிலிருந்து ஸ்டோருக்கும் பெரியதுரை பங்களாவுக்கும் போகும், தொழிலாளர் லயத்துக்கு வராது. அப்பா பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்ததால், குசினி வாசலில் நின்று ரேடியோகிராம் கேட்கிற பாக்கியம் எனக்கு மட்டும் வாய்த்தது.

அந்தப் பெட்டிக்கு ஒரு வியாதி. ஸ்டோரில் கொழுந்து அரைக்க ரோலரைப் போட்டார்களோ இல்லையோ, இங்கே பாட்டுத் தொய்ந்து பாடகியின் குரல் கட்டைக் குரலாகிவிடும். துரை மாவனல்லையிலிருந்து மெசின் திருத்துகிற ஒரு சிங்கள பாஸை வரவழைத்தார்.

பாஸ் முதலில் கோடு போட்ட வட்ட அட்டையொன்றைத் தட்டின் மேல் வைத்தார். நொடிக்கு 50 சைக்கிள் கரண்டில் எரியும் விளக்கின் கீழே தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றினால் அதிலுள்ள 77 கோடுகளும் அசையாமல் நிற்கும். நின்றன. பாட்டோ இழுத்துக்கொண்டிருந்தது. துரை முழித்தார். பாஸ் சிரித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் கடதாசித் துண்டு ஒட்டிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 72.

"விளக்கும் அதே கரண்ட்தானே புத்தா. ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லுது" என்றார் என்னிடம். ரோலர் பாரத்தில் இஞ்சின் தளர்ந்து 50 சைக்கிள் 46க்கு இறங்கியிருக்கிறது. மோட்டரின் வேகம் சைக்கிளோடு போவது. விளக்கின் துடிப்பும் அப்படித்தான். வேகத்தைச் சீராக்கும் கவர்னரைப் பார்க்கச் சொல்லி இஞ்சின் டிரைவருக்கு ஆள் அனுப்பினார். பிறகு, வந்ததுக்கு மோட்டரையும் பார்ப்போம் என்று தட்டைத் தூக்கினார்.

உள்ளே ஸ்விண்டனில் செய்த கராட் மோட்டர். அச்சில் படிப்படியாய்ப் பித்தளை, அதற்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர் சில்லு. கெட்டியான பழைய கிரீஸைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். அச்சின் மேலும் கீழும் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. ரப்பரோ கண்ணாடி மாதிரி வழுக்கியது. மெல்லிய எமரித்தாளால் உரசி, ஸ்பிரிட்டால் துடைத்தார். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், புதுச் சில்லுக்கு வழியில்லை.

"நம்ம தோட்டத்து ரப்பரில் செய்யலாமே?" என்றேன். ரப்பர் விளையும் கேகாலை மாவட்டத்துப் பிள்ளை வேறென்ன கேட்கும்! ஷீட் ரப்பர் அப்படியே போட்டால் சூட்டில் பசையாகும், கந்தகம் கலந்து வேக வைத்தால்தான் சில்லு என்றார். நம் ரப்பர் பால் கப்பலேறிப் போய் வெந்து திரும்பினால்தான் துரை பாட்டுக் கேட்கலாம் என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாய் இருந்தது. இன்று வேடிக்கையாய் இல்லை.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. துரை போனார், ரேடியோகிராமும் போயிற்று.

யார் வீட்டிலாவது இந்த மாதிரி ரப்பர் சில்லு வைத்த மெசின் கிடந்தால், எண்ணெயை அச்சுக்கு மட்டும் விடுங்கள், ரப்பரில் படவே கூடாது. பாட்டு முடிந்ததும் சில்லு பித்தளையைத் தொடாதபடி வேகக் கைப்பிடியை விலக்கி வையுங்கள். அழுந்திக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று அடிக்கும்.