ஒன்றரை கிலோமீட்டர் உலகம்

உறையூரில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில் அப்போது மணிக்கு 20 ரூபாய். எங்களுக்கு எப்போதும் அரை மணிதான் கட்டுப்படியாகும். பின்னால் உட்கார்ந்து "பிரேக் புடிடா, பிரேக்!" என்று கத்துவதற்குக் காசு கிடையாது என்பதால் அங்கிருந்த பெஞ்சில் எந்நேரமும் இடமிருக்காது.

மற்ற பையன்கள் டெக்கன் 3-இல் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருக்க, நானும் அத்தை மகனும் கிரான் டூரிஸ்மோ கேட்போம். 1997 கடைசியில் ஜப்பானில் வெளிவந்து, ஒரு கோடிக்கு மேல் விற்று, முதல் பிளேஸ்டேஷனிலேயே அதிகம் விற்றது என்று பேர் வாங்கிய விளையாட்டு. கசுனோரி யமவுச்சி என்கிற மனிதரின் பிடிவாதத்தில் உருவானது என்பதெல்லாம் பிற்பாடு படித்ததுதான். அன்றைக்கு அது வெறும் 'கார் கேசட்டு'. சிடியாக இருந்தாலும் கேசட்டுதான்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது ஹை ஸ்பீட் ரிங் என்கிற தடம். வேகம் கொடுக்கும் எக்ஸ் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் பாதி ரேஸ் முடிந்துவிடும். எங்களுக்கு வாய்த்தது ஆட்டம் (Autumn) ரிங் மினி. மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டம் ரிங்கை வெட்டிச் சுருக்கிய, ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. நிஜத்தில் அப்படியொரு இடம் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இலையுதிர்கால மரங்கள். திருச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த நிறம் தெரிந்தது கடைக்கு எதிரே நின்ற வாதாம் மரத்தால். அதுவும் உதிர்க்குமுன் இப்படித்தான் சிவக்கும்.

சுருக்கியதில் நேர்ப்பாதை ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. ஒரு வளைவை முடித்துக் காரை நிமிர்த்துவதற்குள் அடுத்தது. கடை மெமரி கார்டில் காலேஜ் அண்ணன்கள் சேர்த்துவைத்த டாட்ஜ் வைப்பர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மினிக்குள் நுழைந்தால், எக்ஸைத் தொட்ட மாத்திரத்தில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போய்ப் புல்லில் விழும். அத்தனை குதிரைசக்தியையும் கொட்ட அங்கே இடமே கிடையாது. அத்தை மகன் எடுப்பது மாஸ்டா டெமியோ. கையிலிருக்கும் 10,000 கிரெடிட்டுக்குள் பழைய கார் சந்தையில் கிடைக்கும், ஊர்ப் பெரியப்பா ஓட்டுவதுபோன்ற டப்பா கார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் வால் ஆட்டாது. வேகமாக வளைவுக்குள் விட்டால் மூக்கு வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

அவன் விடமாட்டான். வளைவுக்கு முன்னாலேயே சதுர பட்டனை அழுத்தி வேகத்தைக் கொன்று, உள்விளிம்பை உரசி, வெளியேறும்போது மட்டும் எக்ஸை முழுசாக அமுக்குவான். நான் கடைசிவரை பிரேக்கைத் தொடாமல் சுவரில் மோதித் திரும்புவேன். கார்களுக்கு அடியே படாத விளையாட்டு அது. சுவரில் மோதினால் வேகம்தான் போகும், பானெட் நசுங்காது. ஆனாலும் திரையில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண்கள் வந்து நிற்கும். அவற்றோடு தகராறு செய்ய முடியாது.

பெரிய தடங்களில் நல்ல கார் வைத்திருப்பவன் ஜெயிப்பான், வாழ்க்கை மாதிரியே. மினியில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கிரான் டூரிஸ்மோ தொடரின் நியாயமான தடம் இதுதான் என்பது இன்றைக்கும் என் கட்சி. நுர்பர்க்ரிங் தடத்தின் பக்தர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைக்கார அண்ணன் பிளேஸ்டேஷன் 2 வாங்கியதும் நாங்கள் முதலில் தேடியது இதைத்தான். 2001-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆட்டம் ரிங்கே இல்லை. "அதான் ரோமு, மொனாக்கோ மாதிரி ஒண்ணு எல்லாம் இருக்கேடா" என்றார் அண்ணன். நான்காம் பாகத்தில் திரும்பி வந்தபோது அத்தை மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். "டெமியோ இருக்கா?" என்று கேட்டான்.